குருவி அண்ணையின்ர வெள்ளை வேட்டி

லண்டன் தமிழாக்களுக்குள்ள, லீவு போட்டுக் குளிரைத் தேடிப்போன ஒரே மனிசன் எங்கட குருவி அண்ணைதான். சட்டன் எண்ட இடத்தில ஒரு பெற்றோல் ஷெட்டில நானும் அவரும் ஒரே ஷிப்ட். உள்ளுக்குச் சனம் வரிசையில நிக்கும். அவர் வெளியில பைனாகுலரோட கூரைப் புறாவைப் பாத்துக்கொண்டு நிப்பார். சொந்தப் பெயர் எனக்கே மறந்துபோச்சு.

போன தை மாசம் என்னையும் ஸ்கொட்லாந்துக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்க மலைப்பக்கத் தேசியப் பூங்காவில, பனிக்காலத்தில வெள்ளையாய் மாறுற காட்டுக்கோழி இருக்காம். கார் பார்க்கில இறங்கினவர், தடிச்ச ஜாக்கெட்டுக்கு மேல கோயிலுக்குக் கட்டுற எட்டுமுழ வேட்டியை எடுத்துச் சுத்தினார். தலைக்கு வெள்ளைச் சால்வை வேற.

"அண்ணை, இதென்ன கோலம்?"

"பனிக்குள்ள வெள்ளையா நிண்டா கோழி பயப்படாது தம்பி."

கோழியை விடுங்கோ, நான் பயந்துபோனன். அரை மணித்தியாலம் மலையில நடந்திருப்பம், பனி கொட்டத் தொடங்கிச்சு. திரும்பிப் பாக்கிறன், ஆளைக் காணேல்லை. எங்க பாத்தாலும் வெள்ளை. போனிலயும் சிக்னல் இல்லை. நெஞ்சில ரெண்டு ஸ்டென்ட் வைச்ச மனிசன், குளிருக்குள்ள விழுந்து கிடந்தா என்ன கதி?

"அண்ணை! அண்ணை!" எண்டு தொண்டை கிழியக் கத்தினன். நல்லூர்க் கந்தனுக்கு நூறு தேங்காய் அடிக்கிறன் எண்டு நேர்ந்தன். பத்து நிமிசத்தில அது ஐந்நூறாகிட்டுது. மோர்டனில இருக்கிற அவற்ற மனிசிக்கு என்னெண்டு போய்ச் சொல்லுவன் எண்டு நினைச்சு, கண்மண் தெரியாமல் ஓடத் தொடங்கினன்.

அப்பதான் ஒரு பனிக்குவியலில தடக்கி விழுந்தன்.

"ஸ்ஸ். அசையாதையும்" எண்டது பனிக்குவியல்.

குப்புறப் படுத்துக் கிடக்கிறார். நாலடி தள்ளி ரெண்டு வெள்ளைக் கோழி.

"நான் கூப்பிட்டது கேக்கேல்லையோ?"

"கேட்டது. பதில் சொன்னாப் பறந்திடுமெல்லோ."

குளிரில மனிசன்ர சொண்டு நீலம் பாஞ்சு கிடக்கு, கதைக்கிற கதையைப் பாருங்கோ. எனக்கு வந்த விசரில வாய்க்கு வந்தபடி பேசத் தொடங்கினன். கோழி ரெண்டும் பறந்திட்டுது. ஆனா பேச்சு பாதியில நிண்டு, நான் விக்கி விக்கி அழத் தொடங்கிட்டன்.

அவர் கோழி போன பக்கம் திரும்பியும் பாக்கேல்லை. "அழாதையும் தம்பி. நான் இருக்கிறன் தானே" எண்டு, கையுறையைக் கழட்டி என்ர முகத்தைத் துடைச்சுவிட்டார்.

பாதையோரக் கம்பங்களைப் பாத்துப் பாத்து, அவற்ற கையை இறுக்கிப் பிடிச்சபடி கார் வரைக்கும் நடந்தன். எனக்குக் கூடப்பிறந்த அண்ணை இல்லை. அண்டைக்குப் பனிக்குள்ள துலைக்கப் பாத்தது என்ர அண்ணையைத்தான்.