டேப் ஒட்டிய இடம் மட்டும் வெள்ளை

மஹ்தியா,
செவ்வாய்க்கிழமை

அன்புத் தம்பி சுக்ரிக்கு உன் அக்கா வஸீலா ஸலாம் கூறி எழுதுவது. நீயும் உன் மனைவி மக்களும் சுகமாக இருக்க அல்லாஹ் அருள்வானாக. நான் சுகமாக இல்லை. அதற்குக் காரணம் நீ. போன் செய்யலாமே என்பாய். உன் குரலைக் கேட்டாலே எனக்கு இரத்தக் கொதிப்பு ஏறுகிறது. அதனால்தான் உன் ஊர் சூஸுக்கு வரும் வாடகைக் கார் டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்பப் போகிறேன்.

கல்யாணப் பெண் வெயில் படாமல் வீட்டுக்குள் இருந்து வெளுக்க வேண்டும் என்பது உனக்குத் தெரியாதா? என் பெண் யுஸ்ரா ஜன்னலைக்கூடத் திறப்பதில்லை என்று சம்பந்தியம்மா லல்லா மன்னூபியாவிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லி வைத்திருந்தேன். உன் மருமகளோ கடற்கரை மணலில், பந்தைக் கையால் எறிந்து கோல் போடும் ஹேண்ட்பால் ஆடிக்கொண்டிருந்தாள். கத்திப் பார்த்தேன், அழுதும் பார்த்தேன். கடைசியில் இறைவனே இரங்கி, பந்து எறிகிற தோளில் அவளுக்கு ஒரு பிடிப்பைக் கொடுத்தான். கையைத் தூக்க முடியவில்லை. பெற்றவள் மகிழக் கூடாதுதான், ஆனால் மகிழ்ந்தேன். அப்போது வந்து சேர்ந்தாய் நீ, நீல டேப்பும் கத்தரிக்கோலுமாக. மருந்தா என்று கேட்டேன். "மருந்தே இல்லக்கா, இழுத்தா நீளுற துணி. தோளுக்குக் கொஞ்சம் தாங்கலா இருக்கும், பயிற்சியும் செய்யணும்" என்றாய். கவட்டை மாதிரி பிளந்து, முனைகளை வட்டமாக நறுக்கி, மேல்கையிலிருந்து தோளைச் சுற்றி ஒட்டினாய். அது கழன்றதும் மறுபடி வந்து அதே இடத்தில் ஒட்டினாய். பெண் மணலுக்கு ஓடிவிட்டாள். ஆண்டவன் செய்ததைத் திருத்த நீ யாரடா?

நேற்று மணப்பெண் குளியல். ஹம்மாம் குளியல்கூடம் நிறைய இரண்டு வீட்டுப் பெண்கள். யுஸ்ரா துண்டை இறக்கியதும் பாட்டு நின்றுவிட்டது. உடம்பெல்லாம் வறுத்த காப்பிக்கொட்டை நிறம். வலது தோளில் மட்டும் பால் வெள்ளையில் ஒரு கவட்டை! தேய்ப்புக்காரி சுண்ணாம்பு என்று நினைத்துத் தேய் தேயென்று தேய்த்தாள். அது இன்னும் பளிச்சென்று ஆயிற்று.

"என்ன சம்பந்தி இது?"

"மச்சம்" என்றேன். வாயில் வந்தது அதுதான். "எங்க வம்சத்துல எல்லாருக்கும் உண்டு."

லல்லா மன்னூபியா விரலால் தடவிப் பார்த்தாள். "வீட்டுக்குள்ள வச்சிருக்கேன் வீட்டுக்குள்ள வச்சிருக்கேன்னீங்களே, இந்தக் கோடு மட்டும்தான் வீட்டுக்குள்ள இருந்துச்சா?"

ஹம்மாமே சிரித்தது, உன் மனைவியின் தங்கை உட்பட. உன் மருமகளாவது வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். "ஞாயித்துக்கிழமை இறுதி ஆட்டம் அத்தை. நான் ஆடத்தான் போறேன்" என்றாள். சம்பந்தியம்மா எழுந்து போய்விட்டாள். அடுத்த வாரம் கல்யாணம், தோள் தெரிகிற உடை. மருந்தே இல்லாத ஒரு துணி என் மானத்தை வாங்கிவிட்டது. இந்தச் சம்பந்தம் முறிந்தால் ஊரில் எந்த முகத்தோடு நடப்பேன்?

இனி அந்த டேப்போடு என் வாசலை மிதிக்காதே. கல்யாணம் நடந்தால் தாய்மாமனாக வா, கத்தரிக்கோல் இல்லாமல் வா. குழந்தைகளுக்கு என் முத்தங்கள். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும், அதற்கு முன்னால் கொஞ்சம் புத்தியையும் தரட்டும்.

உன் அக்கா,
வஸீலா

பி.கு.: உறையை ஒட்டப் போகிற நேரத்தில் லல்லா மன்னூபியா வந்து நின்றாள். "வெளுக்க வைக்க இனி நாள் ஏது? அந்தக் கோட்டையும் கறுக்க வச்சிடுங்க. பொண்ண வெயிலுக்கு அனுப்புங்க, நல்லா ஆடட்டும்" என்கிறாள். அதனால் சனிக்கிழமையே வந்துவிடு. வெயில் ஊடுருவுகிற கண்ணாடி டேப் இருந்தால் கொண்டு வா. இல்லாவிட்டால் அந்த நீலத்தையே கொண்டு வா, பெண்ணுக்குத் தோள் வலிக்கக் கூடாது. ஆட்டத்துக்குச் சம்பந்தியம்மாவும் வருகிறாள், தோளில் வெயில் சரியாகப் படுகிறதா என்று பார்க்கத்தானாம். சுழன்று எறிந்து கோல் போட்டால் இரண்டு புள்ளியாமே, நிஜமா என்று கேட்டாள். நிஜம்தான் என்றேன். எனக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்காதே.