சுருதி சேரும் தெற்குக் கயிறும்

கல்முனைக் கரையோரத்தில் சுருதி பிசகித் தும்மிவிட்டு சுருதி சேரிடமிருந்து தப்பிய மனிதர் ஒருவரும் கிடையாது. அதிபர் தும்மினாலும் அதே சட்டம்தான். "இன்னும் அரைக்கட்டை ஏத்தித் தும்மியிருந்தா வடிவா இருந்திருக்கும் சேர்" என்பார். சொல்லிவிட்டுச் சிரிக்கமாட்டார். நாங்கள் சிரித்தால், எதற்குச் சிரிக்கிறோம் என்று உண்மையாகவே யோசிப்பார்.

எங்கள் முஸ்லிம் பாடசாலை கல்முனைக்குடிப் பக்கம், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பது. நான் அங்கே கணக்கு வாத்தியார். அதாவது, கண்டதும் பிள்ளைகளுக்கு வயிற்றுவலி வருகிற இனத்தைச் சேர்ந்தவன். சுருதி சேர் சங்கீத ஆசிரியர். பெரியநீலாவணையிலிருந்து ஒரு கிழட்டு ஸ்கூட்டரில் வருவார். ஞாயிற்றுக்கிழமை மெதடிஸ்த தேவாலயத்தில் ஓகன் வாசிப்பார். திங்கள் முதல் வெள்ளிவரை எங்களைத் திருத்துவார். தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று சம்பளப் பட்டியலில் இருந்தது. அதற்கு வெளியே அந்தப் பெயரை யாரும் பாவித்ததாக நினைவில்லை.

அவருடைய வகுப்பில் தம்புரா இல்லை. ஹார்மோனியமும் இல்லை. இருந்தது கையால் தட்டுகிற ஒரு றபான், தட்டுவதற்கு மேசைகள், தலைக்கு மேலே ஒரு மின்விசிறி. அந்த விசிறி மூன்றாம் இலக்கத்தில் சுற்றும்போது அசலான இரண்டு கட்டைச் சுருதி பிடிக்கிறது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. பிள்ளைகள் அதைக் கேட்டுத்தான் 'ஸ' பிடித்தார்கள். மின்சாரம் போனால் எங்கள் பாடசாலையில் சங்கீதப் பாடமும் போகும். ஒருமுறை யாரோ நல்ல மனதுடன் அந்த விசிறிக்கு எண்ணெய் விட்டுவிட்டார்கள். சத்தம் நின்றுபோனது. மனிதர் இரண்டு நாள் மையத்து விழுந்த இழவு வீட்டில் இருப்பதுபோல இருந்தார்.

ஒரு நாள் பாண் விற்கிற ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தபோது நடுத்தெருவில் மறித்துவிட்டார்.

"தம்பி, உங்கட பெற்றரி இறங்கிற்று. பாட்டு கால்கட்டை கீழ போகுது."

"பாண் சூடா இரிக்கி சேர். அது போதாதா?"

போதாது. பெற்றரி மாற்றும்வரை அவன் கையால் பாண் வாங்கமாட்டேன் என்று நின்றார். நாலாம் நாள் பாண்காரன் பெற்றரி மாற்றிக்கொண்டு வந்து, முதலில் சேரிடம் பாட்டைப் போட்டுக் காட்டி அனுமதி வாங்கிக்கொண்டுதான் அடுத்த தெருவுக்குப் போனான்.

என்னையும் விடவில்லை. "உங்கட குரல்ல பிழையொண்டும் இல்ல சேர்" என்று ஒருநாள் ஆறுதலாகச் சொன்னார். "குரல்தான் இல்ல."

ஆசிரியர் அறையில் அவருக்குப் பக்கத்துக் கதிரை எங்கள் மௌலவிக்கு. இஸ்லாம் பாடம் படிப்பிக்கிறவர். இந்த இரண்டு பேரும் அடிபடுவார்கள் என்று வெளியாட்கள் நினைப்பார்கள். இரண்டு பேரும் ஒரே சோற்றுப் பார்சலைப் பிரித்துத் தின்பார்கள். வாத்தியக் கருவிகளில் மௌலவிக்கு உடன்பாடில்லை. அதைச் சொல்லியும் விடுவார். ஆனால், "தொண்டை அல்லாஹ் தந்த சாமான். அத ஒழுங்காப் பாவிக்கப் பழக்கினா எனக்கென்ன குறை" என்பது அவர் கட்சி.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அழகியல் பாடம் என்றால் பெரும்பாலும் சித்திரத்துக்குப் போவார்கள். சித்திரம் சத்தம் போடாது. அந்த வருடம் அதிபர் ஒரு சேதியோடு வந்தார்: பத்தாம் ஆண்டுச் சங்கீத வகுப்புக்குப் பத்துப் பிள்ளைகள் சேராவிட்டால் வகுப்பு இல்லை. வகுப்பு இல்லாவிட்டால் சேருக்கும் இங்கே வேலை இல்லை, இடமாற்றம்.

எங்கே என்று பார்த்தால், சேருடைய வீட்டுக் கேற்றுக்கு நேர் எதிரே இருக்கிற பாடசாலைக்கு. அங்கே ஹார்மோனியம் இரண்டு. வயலின் நாலு. தம்புரா ஒன்று, உறையோடு. மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சுடச்சுடச் சாப்பிட்டுவிட்டு வரலாம். தோற்றால் லொத்தர் விழுகிற போட்டியை நான் அதற்கு முன் கண்டதில்லை. "சும்மா இருங்க சேர், தானா நடக்கும்" என்று எல்லாரும் புத்தி சொன்னோம்.

"அங்கத்தப் பிள்ளைகளுக்குப் பாட்டு வீட்டிலயும் இருக்கு, கோயில்லயும் இருக்கு" என்றார். "இவங்களுக்கு நான் போனா ஆர் இருக்கு?" பிறகு, இவ்வளவு நல்லவராகக் காட்டிக்கொண்டது கூச்சமாகிவிட்டதோ என்னவோ, "மற்றது, இந்த ஃபேன் அங்க இல்ல" என்றும் சேர்த்துக்கொண்டார்.

பாடத்தெரிவுப் படிவத்தில் பெற்றோர் கையெழுத்து வேண்டும். சேர் வீடு வீடாக இறங்கினார். தயங்குகிற வீடுகளுக்கு மௌலவியை ஸ்கூட்டரில் பின்னால் ஏற்றிக்கொண்டு போனார். ஒரு தாய் கேட்டாராம், "பாட்டுப் படிச்சா புள்ளைக்கி என்ன வேல கிடைக்கும் சேர்?"

"என்ட வேலை கிடைக்கும் தங்கச்சி."

அந்தத் தாய் வாசலில் நின்ற ஸ்கூட்டரை ஒருதரம் பார்த்தாராம். மௌலவி உடனே கதையை மாற்றியதால் கையெழுத்து விழுந்தது.

அப்படி ஒன்பது சேர்ந்தது. பத்தாவதாக வரவேண்டியது சஹ்னா. அந்தப் பிள்ளை ஒன்பதாம் ஆண்டில் முதன்முதல் பாடியபோது சேர் ஒரு திருத்தமும் சொல்லவில்லை. பக்கத்து வகுப்பில் நின்ற எனக்குப் பயமாகிவிட்டது, மனிதருக்கு ஏதும் சுகமில்லையோ என்று. எட்டிப் பார்த்தேன். சேர் சோக்கட்டியைப் பிடித்தபடி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்.

சஹ்னாவின் வாப்பா கரைவலை ஹாஜியார். கடற்கரையில் சொந்த வலை, சொந்தத் தோணி, முப்பது ஆள் வேலைக்கு. சேர் போய்க் கேட்டதற்கு, குடிக்கத் தேத்தண்ணி கொடுத்துவிட்டுச் சொன்னார்: "சித்திரம் எடுக்கட்டும் சேர். கீறினா அது ஊட்டுக்குள்ள இரிக்கும். பாட்டு வேலிக்கு வெளிய போகும்."

சஹ்னா நிரப்பாத படிவத்தைச் சங்கீதக் கொப்பிக்குள் மடித்து வைத்துக்கொண்டு திரிந்தாள். "வாப்பா கையெழுத்துப் போட்டா போட்டதுதான் சேர். போடாட்டி போடாததுதான்" என்று பெரிய மனுசிபோல எங்களுக்கே விளங்கப்படுத்தினாள். கெடு முடிய இரண்டு கிழமைதான் இருந்தது.

சேர் ஒரு திட்டம் போட்டார். நல்ல மனிதர்கள் போடுகிற திட்டங்களுக்கு உள்ள எல்லாக் குறைகளும் அதற்கு இருந்தன.

கரைவலை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தோணியில் கொண்டுபோய்க் கடலை வளைத்து வலையைப் போடுவார்கள். அதன் இரண்டு முனைக் கயிறுகளையும் கரையில் இரண்டு கூட்டம், வடக்கே ஒன்று தெற்கே ஒன்று, அம்பாப் பாட்டுப் பாடிக்கொண்டு இழுக்கும். நடுவில் மடி, மீன் அதற்குள். இரண்டு பக்கமும் ஒன்றாக வரவேண்டும். இது ஒன்றுதான் சட்டம். போகிறவர் வருகிறவரும் கயிற்றில் கைவைக்கலாம். முடிவில் ஒரு கை மீன் கிடைக்கும்.

தாளம் படிக்க வருகிறோம் என்று சொல்லி, ஒரு சனிக்கிழமை விடிய சேர் ஒன்பது பிள்ளைகளையும் சஹ்னாவையும் கடற்கரைக்குக் கொண்டுபோனார். ஹாஜியார் மறுக்கவில்லை. பாட்டு இந்தக் கரையில் உழைக்கிறது என்பதை அவருடைய மணலிலேயே அவருக்குக் காட்டுவதுதான் திட்டம். நானும் போனேன். சப்பாத்தோடு போன ஒரே ஆள் நான்தான். என்னை வடக்குக் கயிற்றின் கடைசியில் விட்டார்கள். கயிறு என்னை இழுத்துக்கொண்டு போனது. சேரும் பிள்ளைகளும் தெற்குக் கயிற்றில்.

"இழுத்தா வரும்" என்று ஒருவர் எடுப்பார். "ஏலேலோ" என்று மற்றவர்கள் இழுப்பார்கள். "இருந்தா வருமா?" "ஏலேலோ." நாலு இழுப்பு. பிறகு ஒரு நிற்றல். சில நேரம் சின்ன நிற்றல், சில நேரம் நீளமானது. திரும்ப நாலு.

அந்த நிற்றலை எங்கள் சேரின் காது பொறுக்குமா? கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். பிறகு, "பிள்ளையள், தாளம் இடையில விழுகுது. நிப்பாட்டாமல் ஆதி தாளத்தில பிடியுங்க" என்று தொடையில் தட்டித் தொடங்கிவிட்டார். பிள்ளைகள் கெட்டிக்காரப் பிள்ளைகள். சேரே படிப்பித்தவர்கள். அவர்கள் பிடித்த பிடியில் முன்னால் நின்ற கிழவர்களும் இழுபட்டுத் தாளத்துக்குள் வந்துவிட்டார்கள். அப்படியொரு சுத்தமான ஆதி தாளம் எங்கள் கடற்கரையில் அதற்கு முன் கேட்டிருக்காது.

தெற்குக் கயிறு விறுவிறென்று வந்தது. வடக்குக் கயிறு பழையபடி நின்று நின்று வந்தது. வலை ஒருபக்கமாகச் சரிந்தது. மடி வாய் திரும்பியது. கீரி மீன் கூட்டம் ஒன்று வெள்ளிபோலத் துள்ளிக்கொண்டு, எங்கள் எல்லாருடைய கண்ணுக்கும் முன்னால், ஒழுங்கான தாளத்தில் வெளியே போனது.

வலைக்குத் தலைவரான தண்டயல் கடலுக்குள்ளிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட ஏறி வந்தார். "தெக்குக் கயித்த ஆரு முடுக்கின?"

பிள்ளைகள் மண்ணைப் பார்த்தார்கள். நான் என் சப்பாத்தைப் பார்த்தேன்.

"நான்தான்" என்றார் சேர். "இடையில தாளம் நிண்டுது. அதத் திருத்தினன்."

"தாளமா?" தண்டயல் அவரை மேலும் கீழும் பார்த்தார். "அது அலை, சேர். அலை வலையப் பின்னால இழுக்கக்குள்ள நாம நிண்டு குடுக்கோணும். அது விட்டாப் பொறகுதான் நம்மட முறை."

ஹாஜியார் வெறும் மடியை ஒருதரம் பார்த்துவிட்டு, மகளைக் கையால் கூப்பிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். படிவம் அத்தோடு முடிந்தது என்று நான் கணக்குப் போட்டேன். கணக்கு என் தொழில்.

சேர் மணலில் குந்தி, வெயில் ஏறும்வரை அலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் மடங்கி மடங்கி நிமிர்ந்தன.

திங்கட்கிழமை ஆசிரியர் அறைக்கு வந்தபோது சேருடைய காற்சட்டையில் மணல். செவ்வாயும் மணல். புதன்கிழமை சோக்கட்டி பிடிக்க முடியவில்லை. உள்ளங்கை இரண்டும் கொப்பளித்திருந்தன. தினமும் விடியற்காலைச் சுபஹு தொழுகை முடிந்து ஆட்கள் கடற்கரைக்கு வரும்போது அங்கே போய்க் கயிறு பிடிக்கிறாராம். பாடுவதில்லை, திருத்துவதில்லை, மீன் கொடுத்தால் வாங்குவதுமில்லை. மௌலவி அந்தக் கைகளுக்கு மருந்து பூசிக்கொண்டே ஏசினார்.

"ஒரு மன்னிப்புக் கேட்டா முடிஞ்சுதானே சேர்" என்றேன் நான்.

"மன்னிப்புக் கேக்கப் போகேல்ல. படிக்கப் போறன். இருபத்தஞ்சு வருசம் தாளம் படிப்பிச்சுப்போட்டு, இது தெரியாம இருந்திருக்கிறன்."

வியாழக்கிழமை வகுப்பில், சஹ்னாவும் இருக்கத்தக்கதாக, "போன சனிக்கிழமை நான் படிப்பிச்சது பிழை. எழுதினதை வெட்டுங்க" என்றார். பிள்ளைகளுக்கு என்ன செய்வதென்று விளங்கவில்லை. ஒரு வாத்தியார் தன் பிழையை வெட்டச் சொல்லி அவர்கள் கேட்டதில்லை. எப்படிக் கேட்டிருப்பார்கள்? கரும்பலகையில் கணக்குப் பிழைத்தால், "பாப்பம், ஆர் பிழைய முதல் கண்டுபிடிக்கிற" என்று கேட்டுத் தப்புகிறவன் நான். அவர்களுக்கு என்னிடமும் பாடம் இருந்ததே.

வெள்ளிக்கிழமை வலை இல்லை. கெடு முடிகிற அடுத்த திங்கள் காலை, ஹாஜியார் வெள்ளைச் சாரமும் தொப்பியுமாக ஆசிரியர் அறை வாசலில் நின்றார். மௌலவி மெல்ல எழும்பி, தேவைப்பட்டால் குறுக்கே விழலாம் என்கிற தூரத்தில் நின்றுகொண்டார்.

"புள்ளையளுக்கிட்டப் போய்ப் பிழையெண்டு சொன்னயளாம். மெய்தானா?"

"ஓம் ஹாஜியார். கொப்பியில வெட்டச் சொன்னன்."

"மகள் வெட்டினதக் காட்டினா." கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். "நான் முப்பது வருசமா வல வளைக்கிறன். எண்ட வாயால பிழையெண்டு ஒருக்காவும் வந்ததில்ல. எல்லாத்தையும் கடல்ட தலையிலதான் போட்டிரிக்கன்."

மௌலவி போய்த் தன் கதிரையில் இருந்தார். ஹாஜியார் கையை நீட்டினார்.

"பேனை ஒண்டு தாங்க சேர்."

மடித்து மடித்துத் துணிபோல ஆகியிருந்த படிவத்தை எடுத்து மேசையில் நீவிவிட்டு, கடைசி எழுத்துவரை ஆறுதலாகக் கையெழுத்து வைத்தார். "வேலிக்கு வெளிய கேட்டாக் கேக்கட்டும். ஆனா ஒழுங்காக் கேக்கோணும்" என்றார். வாசலில் நின்று திரும்பி, "கயித்துக்கு நாளைக்கி வராதீங்க. கை ஆறட்டும்" என்றுவிட்டுப் போனார்.

நாங்கள் கைதட்ட எழும்பிய அந்த நேரம் பார்த்து அதிபர் ஒரு கடித உறையோடு வந்தார். வலயக் கல்விக் காரியாலயத்துக்கு ஒன்பது என்று முன்னமே கணக்குப் போயிருந்தது. அவர்கள் அதை நம்பி, சேருக்கு இடமாற்றக் கடிதத்தை அடித்து அனுப்பிவிட்டார்கள். "ரத்துச் செய்யக் கேட்டு உடனே ஒண்டு எழுதுங்க. அடுத்த கிழமை தபால்ல போடுவம்" என்றார்.

சேர் கடிதத்தை என்னிடம் நீட்டினார். எங்கள் பாடசாலையில் இடமாற்றக் கடிதம் எழுதுகிற இலாகா நான். எத்தனையோ பேரை அங்கிருந்து கரையேற்றியிருக்கிறேன். மாமிக்குச் சுகமில்லை, முதுகுவலி, பிள்ளைக்கு உப்புக்காற்று ஒத்துவரவில்லை. எல்லாம் என் கற்பனைதான். இருப்பதற்கு ஒரு கடிதம் நான் எழுதியதே இல்லை. என்ன காரணம் எழுத என்று கேட்டேன்.

"பத்துப் பிள்ளைகள் இருக்கினம் எண்டு எழுதுங்க. எனக்கு இஞ்ச இருக்க விருப்பம் எண்டும் எழுதுங்க."

"வேற?"

"வேற ஒண்டும் இல்லையே சேர்."

இரண்டு வரி. நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை. கொப்பளித்த கையால் அவர் கையெழுத்து வைத்தார். அதைத் தபாலில் போட எனக்கு மனம் வரவில்லை. நானே பஸ்ஸேறிக் கொண்டுபோனேன். அங்கிருந்த எழுதுவினைஞர் இரண்டுதரம் வாசித்துவிட்டு, "போறதுக்குத்தானே எல்லாரும் கொண்டு வாற?" என்றார். "இவர் ஒரு மாதிரி" என்றேன். அவர் உள்ளே போனார். நான் வாங்கிலில் இருந்தேன், எழும்பினேன், இருந்தேன். மத்தியானம் தாண்டித்தான் வந்தார். இடமாற்றம் ரத்து என்று எழுதி, முத்திரை குத்தி, ஒரு பிரதியை என் கையில் தந்தார்.

பாடசாலைக்குத் திரும்பி அரைநாள் லீவுப் படிவம் நிரப்பினேன். காரணம் என்ற இடத்தில் 'சொந்த அலுவல்' என்று எழுதினேன். அந்தப் படிவத்தில் நான் பொய் எழுதாதது அந்த ஒருநாள்தான்.