கோதுமை படாத கோத்லெத்

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அரியாங்குப்பத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இருந்தவர்கள்: நான், அப்பா, நான் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட ஜோஸ்லின், அவளை எனக்குக் கொடுக்கலாமா என்று பார்க்க வந்த அவளுடைய அப்பா. இல்லாதவர்கள்: அம்மா, கோதுமை, எண்ணெய், கொழுப்பு, என் புத்தி.

அம்மா வெளிநடப்பு செய்திருந்தார். ஆடு, கோழி, நண்டு, சுறா என்று எது வந்தாலும் சமைக்கிற கைதான். பன்றி என்றதும் சட்டசபை உறுப்பினர் மாதிரி எழுந்துவிட்டார். "பொண்ணு வூட்டுக்காரங்க வர்ற அன்னிக்கு இருப்பேன். பன்னி வர்ற அன்னிக்கு இருக்க மாட்டேன்."

ரெண்டும் ஒரே நாளில்தான் வருகிறது என்றேன். அப்படியானால் ஒன்றை நிறுத்து, எதை என்று நீயே முடிவு பண்ணு என்று சொல்லிவிட்டு, சமையலறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு தவளக்குப்பம் சித்தி வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டார்.

ஜோஸ்லினின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர். ஊரில் எல்லோரும் அவரை 'முசே' என்றுதான் சொல்வார்கள், பிரெஞ்சில் ஐயா. டாக்டர் அவருக்குக் கோதுமையை முழுக்கத் தடை செய்திருந்தார். ஒரு துளி உள்ளே போனாலும் ஒரு வாரம் வயிறு கலங்கும். அதனால் வெளியே எங்கேயும் சாப்பிடுவதில்லை. ஆனால் பன்றி கோத்லெத் என்றால் உயிர். (சாப்ஸ்தான். பிரெஞ்சில் சொன்னால் விலை கூடும்.)

"சோறும் மீன் கொழம்பும் வெச்சா போதும் முரளி. அதுலயும் கோதுமை இல்ல" என்றாள் ஜோஸ்லின்.

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. ஆனால் நான் எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி. அதற்கு வட்டாட்சியர் கையெழுத்துப் போட்ட சான்றிதழே வைத்திருக்கிறேன். அச்சில் வந்ததையும் வீடியோவில் வந்ததையும் நம்புவது என் கடமை. ஒரு வெள்ளைக்கார அம்மாள் கோதுமையும் கொழுப்பும் இல்லாமல், உடம்புக்கு நல்லதாக, இருபது நிமிடத்தில் பன்றி சாப்ஸ் செய்து காட்டினார். சிரித்துக்கொண்டே செய்தார். அந்தச் சிரிப்பில் நான் விழுந்தேன்.

முதலில் மாவு. கோதுமையில் இருக்கிற குளூட்டன் என்ற பசைச்சத்து இல்லாத விசேஷ மாவு என்று ஆன்லைனில் நானூற்று எண்பது ரூபாய்க்கு வரவழைத்தேன். நோணாங்குப்பத்தில் படகு ஓட்டும் என் அப்பா, பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்காதவர், விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"இது அரிசி மாவுடா."

அப்படியெல்லாம் சுலபமாகச் சொல்லிவிடக் கூடாது, இது வேறு தரம் என்று விளக்கினேன். பிறகு யாரும் பார்க்காதபோது பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளடக்கம்: அரிசி. அதற்கப்புறம் எதுவும் போடவில்லை.

அடுத்தது வீட்டைச் சுத்தப்படுத்தும் படலம். சோயா சாஸில் கோதுமை இருந்தது, தூக்கினேன். கூட்டுப் பெருங்காயத்தில்கூட கோதுமை மாவு இருந்தது, அதையும் தூக்கினேன். அப்பாவின் ராத்திரி பரோட்டாவை ஒரு வாரத்துக்குத் தடை செய்தேன். அவர் வயித்துக்கு நான் ஏண்டா பத்தியம் இருக்கணும் என்று அப்பா கேட்டார். பதிலாக அவர் ஒளித்து வைத்திருந்த பிஸ்கட் பாக்கெட்டையும் தூக்கினேன்.

ஞாயிறு காலை கறிக்கடைக்குப் போனேன். ரெண்டு கிலோ, எலும்போடு, ஒரு அங்குல கனத்தில் துண்டு வேண்டும் என்றேன். கடைக்காரர் கத்தியை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கொழம்புக்கா தம்பி, மருந்துக்கா?"

எங்கள் பக்கத்தில் பன்றிக் கறியை நாக்குக்காகச் சாப்பிடுபவர்கள் உண்டு. மூல வியாதிக்காகச் சாப்பிடுபவர்களும் உண்டு. இது சின்னக் குழந்தைக்கும் தெரியும். பட்டதாரிக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. 'ஆரோக்கிய சமையல்' என்ற பெருமை மட்டும்தான் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. "உடம்புக்காகத்தான்" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

அவர் முகம் இளகியது. நல்ல கொழுப்பாகப் பார்த்து எடுத்தார். கொழுப்பு முழுக்க வெட்டிவிடச் சொன்னேன். "கொழுப்புதான் தம்பி கேக்கும்" என்றார். வேண்டாம் என்றேன். சின்ன வயசு, பிடிவாதம் என்று முணுமுணுத்தபடி வெட்டி, எழுநூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். எனக்குப் பின்னால் எதிர் வீட்டுக் குமுதா அக்கா மீன் கூடையோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்து, துக்க வீட்டில் தலையாட்டுவது போல மெதுவாகத் தலையாட்டினார். நான் சிரித்துக் கும்பிட்டேன்.

சாயங்காலம் ஆறரைக்கு முசே வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, மூக்கு நுனியில் கண்ணாடி. பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். அரை நிமிடம் உட்கார்ந்தார். எழுந்து கைப்பிடிச் சுவரோரம் போய் ஆற்றைப் பார்த்து "நல்ல காத்து" என்றார். மறுபடி உட்கார்ந்தார், ஒரு பக்கமாக. மறுபடி எழுந்தார். பிரெஞ்சு பென்ஷன்காரருக்கு எங்கள் நாற்காலியில் உட்காரக்கூட மனசு வரவில்லை, இனி பெண்ணை எங்கே கொடுக்கப்போகிறார்?

நிலைமையைச் சரிக்கட்ட அப்பா ஒரு பீரைத் திறந்து அவர் கையில் கொடுத்தார். நான் பாய்ந்து பிடுங்கினேன். பீரில் பார்லி, பார்லியில் குளூட்டன். பாண்டிச்சேரியில் விருந்தாளி கையிலிருந்து பீரைப் பிடுங்கியவன் அநேகமாக நான் ஒருவன்தான். முசே வெறும் கையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஜோஸ்லின் என்னைப் பார்க்கவே இல்லை.

பிறகு கோத்லெத். (சமையலறை பூட்டியிருந்ததால் மாடியிலேயே செங்கல் அடுப்பு. தோசைக்கல்லை மட்டும் முன்பே கடத்தியிருந்தேன்.) கொழுப்பில்லாத கறியை, எண்ணெய் இல்லாத தோசைக்கல்லில், இருபது நிமிடம் மூடி வைத்தால் என்ன ஆகும்? தட்டில் வைத்தபோது டொக் என்று சத்தம் கேட்டது. நானூற்று எண்பது ரூபாய் மாவு, மழையில் நனைந்த சுண்ணாம்பு மாதிரி ஒரே பட்டையாக உரிந்து வந்தது. முசே நின்றபடியே கத்தியால் அறுத்தார். கத்தி வளைந்தது. அப்பா ஒரு துண்டை வாயில் போட்டு மென்றார், மென்றார், மென்றுகொண்டே இருந்தார்.

அப்போதுதான் குமுதா அக்கா மாடி ஏறி வந்தார். ஒரு கையில் தூக்குவாளி, மறு கையில் நீலக் கலர் பிளாஸ்டிக் டப்.

விருந்தாளிகளைப் பார்த்தும் அக்கா தயங்கவில்லை. (நல்ல மனசுக்காரர்களுக்குத் தயக்கம் கிடையாது.) "துத்தி இலைய வெளக்கெண்ணெயில வதக்கி எடுத்தாந்திருக்கேன் தம்பி. ராத்திரி இந்த டப்புல வெந்நி ஊத்தி உக்காரு. மூலத்த வளர விடாத. கல்யாண வயசு."

அப்பா மெல்லுவதை நிறுத்தினார். கோத்லெத்துக்கு அதுதான் முதல் ஓய்வு.

எனக்கு மூலமே இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அக்கா, அப்படியானால் ரெண்டு கிலோ பன்னி வேறு யாருக்கு என்று கேட்டுவிட்டு, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அவர் பார்வை முசேயிடம் வந்து நின்றது. முசே முகம் செக்கச்செவேலென்று சிவந்து போயிருந்தது. நாற்காலியின் முதுகை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

அந்தக் கணத்தில் எனக்கு எல்லாம் விளங்கியது. அவர் உட்காராததற்கும் எங்கள் நாற்காலியின் தரத்துக்கும் சம்பந்தமே இல்லை.

"எனக்குத்தான்க்கா" என்றேன்.

அக்கா டப்பைக் கீழே வைத்துவிட்டு, என் தலையைத் தடவிவிட்டுப் போனார். பிறகு முசே என் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "எத்தினி வருஷமா தம்பி?" என்றார்.

ஜோஸ்லினைப் பார்த்தேன். கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள், தோள் குலுங்கியது.

"ரெண்டு வருஷமா, முசே."

"எனக்கு ஒம்போது. எம் பொண்ணுக்கே தெரியாது."

(எல்லாம் தெரியும் என்று அவள் பிறகு சொன்னாள். தெருமுனை மருந்துக்கடைக்காரருக்கும் தெரியுமாம்.)

அதன் பிறகு அந்த மனிதரை நிறுத்த முடியவில்லை. ஒன்பது வருஷ மௌனத்தை ஒரு மணி நேரத்தில் கொட்டினார். மிளகாய், நாற்காலி, விமானப் பயணம், சர்ச்சில் பூசை நேரத்து மரப் பலகை எல்லாவற்றைப் பற்றியும் எங்களுக்குள் கருத்து ஒற்றுமை ஏற்பட்டது. (நான் 'ஆமாம்' மட்டும்தான் சொன்னேன்.) தூக்குவாளியிலிருந்த துத்தி இலையில் பாதியை அவரே தின்றார். அன்று மாடியில் தின்னக்கூடியதாக இருந்தது அது ஒன்றுதான். அதில் கோதுமையும் இல்லை. கிளம்பும்போது அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, வலி தெரிந்த பையன், என் பெண்ணைப் பொறுமையாக வைத்துக்கொள்வான் என்றார்.

இப்படியாக, என்னிடம் இல்லாத ஒரே தகுதியை வைத்து எனக்குப் பெண் கிடைத்தது.

நிச்சயதார்த்தத்துக்கு அவர் எனக்கு மோதிரம் போட்டார். கூடவே, நடுவில் ஓட்டை உள்ள வட்ட மெத்தை ஒன்றும், ஜோடியாக வாங்கியது, அறுநூற்று ஐம்பது ரூபாய் என்று ரகசியமாகச் சொல்லிக் கொடுத்தார். பதில் மரியாதையாக அந்தப் பணத்தை அப்பா அவர் பையில் வலுக்கட்டாயமாகத் திணித்தார். அன்றிலிருந்து எந்த விசேஷத்துக்குப் போனாலும் நானும் மாமாவும் பக்கத்துப் பக்கத்தில், இரண்டு வளையங்கள் மேல், ராஜாக்கள் மாதிரி உட்கார்ந்திருப்போம்.

ஒருநாள் தன் டாக்டரிடம் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அங்கே நடந்ததை எழுத இன்னும் எனக்குத் தைரியம் வரவில்லை. முடிவில் டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே, ஒன்றுமே இல்லையே, சுத்தமாக இருக்கிறது என்றார். எண்ணூறு ரூபாய். மாமா கண் கலங்கிவிட்டார். எல்லாம் அந்தக் கொழுப்பில்லாத கோத்லெத்தின் மகிமை என்பது அவர் தீர்ப்பு. இப்போது மாதத்துக்கு ஒரு ஞாயிறு அதே கல்லில், அதே மாதிரி, அவருக்கு நான்தான் செய்து போடுகிறேன். அம்மா அன்றைக்கெல்லாம் தவளக்குப்பத்தில் இருப்பார். (மாமா தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.)

ஊரில் யாராவது நகை, சீர், மண்டபம் என்று கல்யாணச் செலவைப் பற்றிப் புலம்பினால் அப்பா தொண்டையைச் செருமிக்கொள்வார். மாவு, கறி, மெத்தை, டாக்டர் என்று நான்கு விரலை மடக்குவார். "எங்க வூட்ல பொண்ணு எடுத்த செலவு ரெண்டாயிரத்து அறுநூத்தி முப்பது ரூபா. பன்னி உட்பட."