வயித்தெரிச்சல் நைனாவும் எங்கள் வீட்டு ஓவனும்

பொறாமைப்படாத மனிதன் உலகத்தில் கிடையாது. ஆனால் பொறாமை வந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு நேராக அந்த வீட்டுக்கே போய், வாசலில் நின்று, "எனக்கு வயிறு எரியுதும்மா" என்று சொல்லிவிட்டு வருகிற மனிதர் என் ஆயுளில் ஒருவர்தான். எங்கள் குமணன்சாவடித் தெருவின் வயித்தெரிச்சல் நைனா.

பிள்ளைகளே, அவருக்கும் அப்பா அம்மா ஆசையாக ஒரு பெயர் வைத்திருப்பார்கள். எங்கள் தெருவில் யாருக்கும் அது தெரியாது. தெருமுனையில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, பாய் வீட்டு விருந்து, எதுவானாலும் அண்டாவும் நாற்காலியும் அவர் கடையிலிருந்துதான் போகும். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகளை வானகரத்தில் கட்டிக்கொடுத்துவிட்டு, கடைக்கு மேலே ஓர் அறையில் தனியாக இருந்தார். ஏன் நைனா இப்படிப் பொறாமைப்படுகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "ஊரு விசேஷம் பூரா என் சேர்ல குந்திக்கினுதான் நடக்குது. எனுக்குனு ஒண்ணு நடக்குதா? எரியாம இன்னா பண்ணும்?" என்றார்.

அவர் சும்மா பொறாமைப்படுகிற ஆள் இல்லை. யார் வீட்டில் புதுப்பொருள் இறங்கினாலும் மறுநாள் காலையில் வந்துவிடுவார். பொருளை முன்னால் பார்ப்பார், பின்னால் பார்ப்பார். தட்டுவார், முகர்ந்து பார்ப்பார், இழுத்து ஆட்டுவார். இதைப் பார்த்துப் பொறாமைப்பட்டால் வீண்போகாது என்று உறுதியான பிறகுதான் பொறாமைப்படுவார். எதிர்வீட்டு ஷமீம் அக்கா ஃபிரிட்ஜ் வாங்கியபோது, கதவை மூடினால் உள்ளே விளக்கு அணைகிறதா என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தன் செல்போனில் வீடியோவை ஓடவிட்டு, அதைத் தக்காளிக்குப் பக்கத்தில் வைத்து, கதவைச் சாத்திவிட்டுக் காத்திருந்தார். பிறகு எடுத்துப் பார்த்தார். நல்ல இருட்டு. அப்படியே முகம் சுருங்கிப்போய் நாற்காலியில் உட்கார்ந்து, "ஒரு கொறையும் இல்லம்மா. தாங்கல" என்றார்.

உடனே ஷமீம் அக்கா ஒரு தம்ளர் மோர் கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் தெரு வழக்கம் அது. எரிகிற வயிற்றுக்கு மோர். நாளடைவில் அதுவே அளவாகிவிட்டது. அரைத் தம்ளரோடு நிறுத்திக்கொண்டால் பொருள் சுமார். முழுத் தம்ளர் குடித்தால் நல்ல பொருள். இன்னொரு தம்ளர் கேட்டுவிட்டாரென்றால் அந்த வீட்டுக்காரர்கள் ஒரு வாரம் தெருவில் தலை நிமிர்ந்து நடப்பார்கள்.

மோரே வேண்டாம் என்றால்தான் ஆபத்து. தெருக்கோடி அடுக்குமாடியில் திருநெல்வேலியிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர் குடிவந்தார். புதுக் கார் வாங்கி, பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, நைனாவையும் மரியாதையாகக் கூப்பிட்டார். நைனா காரைச் சுற்றி வந்தார். குனிந்தார், நிமிர்ந்தார், பின்கதவைத் திறந்து விரிப்பைத் தூக்கிப் பார்த்தார். "எனுக்கு ஒண்ணும் எரியலப்பா" என்று கிளம்பிவிட்டார். அந்த மனிதருக்கு அன்று சோறு இறங்கவில்லை. அவரும் போய் விரிப்பைத் தூக்கிப் பார்த்தார். மாற்று டயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. கார் விற்ற கடைக்காரர்கள் மன்னிப்புக் கேட்டு டயரைக் கொண்டுவந்து வைத்தார்கள். நைனா மறுபடி வந்து பார்த்தார், முழுத் தம்ளர் குடித்தார். திருநெல்வேலிக்காரர் ஊருக்குப் போன் போட்டு, "இங்க ஒருத்தர் பொறாமப்பட்டுட்டாருல்லா" என்று பெருமையடித்துக்கொண்டார்.

இப்படிப்பட்ட மனிதர் நடமாடும் தெருவில்தான் எங்கள் வீட்டுக்கு ஓவன் வந்தது.

என் மனைவி செல்வி நன்றாகக் கேக் செய்வாள். குக்கரில் மணலைப் பரப்பி, அதன்மேல் கிண்ணத்தை வைத்து, ஒவ்வொன்றாகச் செய்துகொண்டிருந்தாள். அக்கம்பக்கத்தில் நாலு பேர் கேட்க ஆரம்பித்தார்கள். குக்கர் போதவில்லை. வீட்டோடு இருந்து கேக் வியாபாரம் செய்ய வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. சமையலறையில் ஆள் உயர மர அலமாரி செய்து, அதன் நடுவில் பதிக்கிற கரண்ட் ஓவன் ஒன்று வாங்கினோம். ஷமீம் அக்கா தன் பேத்தியின் முதல் பிறந்தநாளுக்கு இரண்டு அடுக்குக் கேக் சொல்லிவிட்டார். அதுதான் முதல் பெரிய ஆர்டர். அந்தக் கேக்கைத் தெருவே சாப்பிடும். அது நன்றாக அமைந்தால் வியாபாரம் எழுந்துவிடும், கெட்டால் படுத்துவிடும்.

ஓவனைப் பொருத்தியது செல்வியின் தம்பி பாபு. என் மச்சான். நல்ல பையன், கை மட்டும் கொஞ்சம் அவசரம். "இதுக்குப் போயி ஆளக் கூப்புடுவாங்களா மாமா? டிவி மாட்ற மாரிதான்" என்று சொல்லிவிட்டு, ஓவனை அலமாரிக்குள் தள்ளி, வயரைப் பின்னால் கிடந்த எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகி, கையைத் தட்டிக்கொண்டு போய்விட்டான். கறுப்புக் கண்ணாடியும் பளபளக்கிற கைப்பிடியுமாக, பார்க்க விமானத்தில் இருக்கிற பொருள் மாதிரி இருந்தது. செல்வி அன்றைக்கே தயிரைக் கடைந்து பெரிய சொம்பு நிறைய மோர் வைத்துவிட்டாள்.

காலையில் நைனா வந்தார். பாபுவும் வந்திருந்தான். நாங்கள் மூன்று பேரும் கல்யாண வீட்டுக்காரர்கள் போல வரிசையாக நின்றோம். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓவனைப் பார்த்தார். முகம் லேசாகச் சுருங்கியது. செல்வி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

பிறகு நைனா ஓவன் கதவைக் கீழே திறந்து, அதன்மேல் லேசாகக் கையை ஊன்றினார். அவ்வளவுதான். ஓவன் மொத்தமும் அலமாரியிலிருந்து முன்னால் சாய்ந்தது. பாபு பாய்ந்து பிடித்தான்.

"இன்னாடா இது, பூம்பூம் மாடு மாரி தலையாட்டுது?" என்றார் நைனா.

அடுத்ததாக வயர் எங்கே போகிறது என்று கேட்டார். பாபு காட்டினான். அதே பெட்டியில் மிக்ஸியும் ஃபிரிட்ஜும் சொருகியிருந்தன. நைனாவுக்குக் கரண்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது அண்டா கணக்குதான். ஓவனைக் கொஞ்ச நேரம் ஓடவிடச் சொன்னார். பிறகு அந்தப் பெட்டியைத் தொட்டுப் பார்த்து, சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். அலமாரியின் பக்கப்பலகையைத் தொட்டார். அதுவும் சுட்டது. பின்பக்கத்தைப் பார்த்தார். காற்றுப் போக விரல் நுழைகிற சந்துகூட இல்லாமல் பலகை போட்டு அடைத்திருந்தது.

"நூறு பேருக்கு வடிச்ச சோத்துல ஆயிரம் பேரு வந்து குந்திக்கினா இன்னாடா ஆவும்? அந்தப் பொட்டிக்கு அதான் ஆவும்" என்று பாபுவிடம் சொன்னார். செல்வி மோரை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. "வரலம்மா" என்றார்.

"என்ன வரல நைனா?"

"பொறாம. பத்திக்கிற பொருளப் பாத்து நான் எப்டிம்மா பொறாமப்படுவேன்?"

அவர் தெருமுனைக்குப் போய்ச் சேர்வதற்குள் செய்தி தெருக்கோடிக்குப் போய்விட்டது. செல்வி வீட்டு ஓவனுக்கு நைனா மோர் குடிக்கவில்லையாம். மாலையில் ஷமீம் அக்கா தயங்கித் தயங்கி வந்தார். தப்பா எடுத்துக்காதே, கேக்கைப் பேக்கரியிலேயே சொல்லிவிடலாம் என்று மருமகன் சொல்கிறார் என்றார். செல்வி உள்ளே போய்ச் சொம்பிலிருந்த மோரைத் தொட்டியில் ஊற்றினாள். பாபுவை அவள் திட்டவே இல்லை. திட்டியிருந்தால்கூட அவனுக்குத் தேவலாம் போலிருந்தது.

அரை மணி நேரம் கழித்துப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளே நைனா கடைக்குப் போனாள். "நாளைக்கு எலக்ட்ரீஷியன் வராரு. கார்பெண்டர் வராரு. நீங்களும் வரணும். உங்களுக்குப் பொறாம வர்ற வரைக்கும் எங்க சமையல்கட்ட விட்டுப் போகக்கூடாது" என்றாள். நைனா ஒரு வாடகை நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மறுநாள் வந்து சேர்ந்தார்.

பிள்ளைகளே, இதைப் படித்துவிட்டு நீங்கள் யாரும் ஸ்க்ரூடிரைவரைத் தேடாதீர்கள். இது பெரியவர்கள்கூடத் தெரிந்த ஆளை வைத்துச் செய்கிற வேலை. எலக்ட்ரீஷியன் முதலில் மெயினை அணைத்தார். கரண்ட் நின்றுவிட்டதா என்று டெஸ்டரை வைத்தும் பார்த்துக்கொண்டார். மெயின் போர்டிலிருந்து ஓவனுக்கென்றே தடித்த வயரில் தனி லைன் இழுத்தார். எர்த் சரியாக இருக்கிறதா என்று சோதித்தார். கரண்ட் அதிகமானால் தானே விழுந்துவிடுகிற சுவிட்சு ஒன்றை அந்த லைனுக்குத் தனியாக வைத்தார். ஆபத்து என்றால் எட்டி அணைக்கிற மாதிரி, அலமாரிக்கு வெளியே இன்னொரு சுவிட்சு.

செல்வி திரும்பி, "இப்போ நைனா?" என்றாள்.

நைனா கண்ணை மூடி, வயிற்றில் கையை வைத்துப் பார்த்தார். "லேசா கீது."

கார்பெண்டர் அலமாரியின் பின்பலகையை அறுத்துக் காற்றுக்கு வழி விட்டார். ஓவன் உட்காரும் தட்டுக்கு அடியில் கனமான சட்டம் அடித்தார். ரசமட்டம் வைத்து, குமிழி நடுவில் நிற்கும்வரை விடவில்லை.

"இப்போ?"

"கொஞ்சம் மேல ஏறுது."

பாபுவும் நானும் ஓவனைத் தூக்கினோம். பாபு பழக்கதோஷத்தில் கதவின் கைப்பிடியைப் பிடிக்கப் போனான். கதவு கையோடு வந்துவிடும் என்பதுபோல் எலக்ட்ரீஷியன் ஒரு பார்வை பார்த்தார். கையை எடுத்துப் பக்கவாட்டில் பிடித்தான். ஓவன் அலமாரிக்குள் உட்கார்ந்ததும் கதவைத் திறந்து, அதன் இரண்டு பக்கச் சட்டத்திலும் இருக்கிற துளைகளில் ஸ்க்ரூ போட்டு மரத்தோடு இறுக்கினார்கள். நைனா எழுந்து வந்து கதவில் கையை ஊன்றினார். அசையவில்லை. இன்னும் அழுத்தி ஊன்றினார். ஓவன் மலை மாதிரி நின்றது. அவர் நாற்காலிக்குத் திரும்பி, தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஜன்னலையெல்லாம் திறந்துவைத்து, உள்ளே ஒன்றும் வைக்காமல் சும்மா ஓடவிட்டார்கள். முதல் தடவை ஒரு வாடை வரும், உள்ளே பூசிய எண்ணெய் எரிகிறது, பயப்பட வேண்டாம் என்றார் எலக்ட்ரீஷியன். வாடை வந்தது, போனது. நைனா மெதுவாக எழுந்து அலமாரியின் பக்கப்பலகையில் உள்ளங்கையை வைத்தார். நாங்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். பலகை சுடவில்லை. கையை இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். எங்குமே சுடவில்லை.

"என் ஊட்ல இது இல்லியேம்மா" என்றார். குரலே மாறிப்போயிருந்தது. "இத வெச்சிக்கினு நீ எப்டில்லாம் செய்யப்போற. ஐயோ, தாங்கலம்மா."

செல்வி மோரைச் சொம்போடு கொடுத்தாள். சொம்போடு குடித்தார். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த ஷமீம் அக்கா அங்கிருந்தே, "ரெண்டு அடுக்குதானே சொன்னேன்? மூணா போட்டுடு செல்வி" என்றார்.

ஆனால் பிறந்தநாள் கேக் அந்த ஓவனின் முதல் கேக் இல்லை. முதல் கேக்கை செல்வி அதற்கு முன்பே ஒரு நாள் காலையில் செய்தாள். முந்திரியும் திராட்சையும் போட்டது. வாசனை மாடி வரைக்கும் போயிற்று. நான் வேலைக்குக் கிளம்பாமல் சட்டைப் பொத்தானைப் போட்டுப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவள் அதைத் தட்டில் வைத்து, துணியால் மூடி, என்னைத் தாண்டித் தெருவில் இறங்கிப் போனாள்.

"இது உங்களுக்கு நைனா. முழுசும் உங்களுக்கு" என்று கடையில் வைத்துவிட்டு வந்துவிட்டாளாம்.

கொஞ்ச நேரத்தில் தெருவில் ஒரே பரபரப்பு. நைனா கடை வாசலில் நாற்காலி போட்டு, அதன்மேல் கேக்கை வைத்து, பக்கத்தில் நின்றுகொண்டு, போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு, "வந்து பாத்துட்டுப் போ, எனுக்குனு செஞ்சாந்தது" என்று காட்டிக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு விள்ளல்கூட எடுக்கவில்லை. நானும் போனேன். கேக்கை முன்னால் பார்த்தேன், பின்னால் பார்த்தேன், குனிந்து முகர்ந்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எரியுது நைனா" என்றேன்.

"நெசமாவா?"

"நெஜமா."

பொய் சொல்லவில்லை, பிள்ளைகளே. அந்த முதல் கேக் எனக்குத்தான் என்று நினைத்து நான் சட்டைப் பொத்தானோடு காத்திருந்தவன். ஆனால் அதைக் கேட்டதும் நைனாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். அதைப் பார்த்த பிறகு, என் வயிறு இன்னும் கொஞ்ச நேரம் எரிந்தால்கூட நல்லதுதான் என்று தோன்றியது.