சொட்டு மருந்து போட்ட கை

இந்த வயதிலும் என்னை 'டேய்' என்று கூப்பிட உரிமையுள்ள ஒரே மனுஷியான அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும், அறுவை சிகிச்சை செய்துகொண்ட என் வலது கண்ணும் நலம். இடது கண் தன் முறைக்காகக் காத்திருக்கிறது. அங்கே நீயும், அத்தானும், உன் முழங்கால்களும், புதிதாக வந்திருக்கும் பேரனும் நலமாக இருக்க வேண்டும். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். வரிமேல் வரி ஏறியிருந்தால் அது கண்ணின் குற்றம். சொன்னதையே திரும்பச் சொல்லியிருந்தால் அது என் குற்றம்.

உன் கடிதம் வந்தது. மகள்தான் படித்துக் காட்டினாள். இதுவும் பேரனாகப் போய்விட்டதே என்று ஒரு பக்கம் முழுக்க மூக்கைச் சிந்தியிருக்கிறாய். 'பையன் வாசல் வரைக்கும்தான், பொண்ணுதான் கடைசிப் படுக்கை வரைக்கும் வருவா, நீ கொடுத்து வச்சவன்டா, உனக்கு ஒரு பொண்ணு இருக்கா' என்று எழுதியிருக்கிறாய். போன மாதம் இதைப் படித்திருந்தால் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியிருப்பேன். உனக்காவது அது வெறும் பேச்சு. என் பிழைப்பே அந்தப் பேச்சின் மேல்தான் நடந்தது. ஸ்டுடியோ வைத்துக் குடும்பப் படம் எடுத்தே காலம் தள்ளியவன் நான். அப்பா நாற்காலியில் உட்கார வேண்டும். மகள் பக்கத்தில் நின்று அவர் தோளில் சாய வேண்டும். மகன் நாற்காலிக்குப் பின்னால், கையைக் கட்டிக்கொண்டு, யாரையும் தொடாமல் விறைப்பாக நிற்க வேண்டும். எந்த வீட்டுப் பையனாவது அப்பாவின் தோளில் கை வைத்துவிட்டால், 'தம்பி, கைய எடுங்க, படம் கெட்டுடும்' என்பேன். உடனே எடுத்துவிடுவான். ஒருத்தன்கூட ஏன் என்று கேட்டதில்லை. இப்படி எடுத்து எடுத்து, பெண் என்றால் சாய்வாள், பையன் என்றால் தள்ளி நிற்பான் என்று எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. நானே நிற்க வைத்து, நானே பார்த்து, நானே கண்டுபிடித்த உண்மை அது.

என் வீட்டு லட்சணமும் அதற்குப் பொருத்தமாகவே இருந்தது. பெரியவன் பல்செட் செய்கிறவன். ஊரார் வாயெல்லாம் இவன் கைவேலை, இவன் வாய் மட்டும் திறக்காது. போனில் 'சாப்டீங்களாப்பா' என்பான், 'ஆச்சு' என்பேன். 'அங்க மழையாப்பா' என்பான், 'இல்ல' என்பேன். அதற்குப் பிறகு இரண்டு பேரும் மூச்சு விடுகிற சத்தம்தான் கேட்கும். சின்னவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். நாள் முழுக்க 'பிரேக்கு, பிரேக்கு' என்று கத்திப் பழகிய தொண்டை. அவள் சாதாரணமாக 'அப்பா' என்று கூப்பிட்டாலே என் கால் தரையை அழுத்தும். ஆனாலும் பெண் பெண்தானே என்று நினைத்துக்கொள்வேன்.

கண் விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரிக்கு மகள்தான் கூட்டிப் போனாள், அவள்தான் வெளியே உட்கார்ந்திருந்தாள், அவள்தான் கூட்டி வந்தாள். கேண்டீனிலிருந்து அவள் வாங்கி வந்த காபி ஆறிப்போயிருந்தது, நான் அங்கேயே சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு சொட்டு மருந்து. அதில் மூன்று வகை. ஒன்று போட்டுவிட்டுக் கண்ணை மூடிக் கிடக்க வேண்டும், கொஞ்ச நேரம் கழித்து அடுத்தது. மகள் மருந்து போடுவதை நீ பார்க்க வேண்டும். 'மேல பாருங்க! அசையாதீங்க! மூடுங்க!' என்று உத்தரவு வரும். ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமல் மாட்டிக்கொண்டவன் மாதிரி நான் கிடப்பேன். ஒரு நாள் அவளிடம் கற்றுக்கொள்கிறவர்களுக்கு ஓட்டுநர் தேர்வு. போகும்போது வாசலில் நின்று ஏதோ சொன்னாள். 'சாயந்தரம் வந்துடுவேன், மத்தியான மருந்துக்கு ஆள் வரும்' என்றாளாம். நான் ரேடியோவில் பேசியவனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்ததால் காதில் விழவில்லை.

மத்தியானம் கட்டிலில் மல்லாந்து, கண்ணை மூடிக்கொண்டு, மருந்துக்குத் தயாராகக் கிடந்தேன். சாவி போட்டுக் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. கை கழுவும் சத்தம் கேட்டது. பிறகு நெற்றியில் ஒரு கை வந்து உட்கார்ந்தது. என்ன மிருதுவான கை, அக்கா! பஞ்சை நனைத்து இமையோரத்தைத் துடைத்தது. விரலால் இமையை லேசாக விலக்கி, சொட்டு விழுந்ததே தெரியாமல் போட்டது, கொஞ்ச நேரம் விட்டு இரண்டாவது மருந்தையும் அப்படியே போட்டது. வாயைத் திறந்து ஓர் உத்தரவு இல்லை. அடடா, இன்றைக்குத்தான் என் மகளுக்குப் பெண் கை வந்திருக்கிறது என்று நெகிழ்ந்துபோனேன். நெகிழ்ந்தவன் சும்மா இருந்திருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும். கண்ணை மூடியபடியே பேச ஆரம்பித்தேன்.

"உங்க அத்தை சொல்றது சரிதாம்மா. பொண்ணு பொண்ணுதான். உன் அண்ணன் இருக்கானே, அவன் கல்லு. அம்மா போன அன்னிக்கு ஆஸ்பத்திரில பாத்தேல்ல? காகிதத்தத் தூக்கிட்டு கவுண்டர் கவுண்டரா அலைஞ்சானே ஒழிய, பக்கத்துல வந்து அஞ்சு நிமிஷம் உக்காந்தானா? ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டானா? கண்ணு ஆபரேஷன்னு சொன்னேன், 'சரிப்பா'ன்னு போன வச்சுட்டான். இனிமே அவன் வந்தா என்ன, வராட்டா என்ன. எனக்கு ஒரே புள்ள நீதான்."

அந்தக் கை கொஞ்சம் நின்றது. பிறகு பஞ்சால் கன்னத்தைத் துடைத்தது. மகள் உருகிவிட்டாள் போலிருக்கிறது என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அப்போது வாசல் பக்கத்திலிருந்து, தெருவுக்கே கேட்கும்படி, "அண்ணா! எப்ப வந்த? தேர்வு சீக்கிரம் முடிஞ்சுடுச்சு. சாப்டியா?" என்று என் மகளின் குரல் வந்தது. என் கால் தானாகத் தரையைத் தேடியது. கட்டிலில் தரை ஏது?

"நீ அங்க இருந்தா, இங்க யாரு?" என்றேன்.

"நான்தான்ப்பா," என்றான் தலைமாட்டிலிருந்து. "கண்ணத் தொறக்காதீங்க. இன்னும் ஒரு மருந்து பாக்கி."

அக்கா, என் நிலைமையை யோசித்துப் பார். எழுந்து ஓட முடியாது. கண்ணைத் திறந்து அவன் முகத்தைப் பார்க்க டாக்டர் அனுமதி இல்லை. யாரைக் கல் என்று சொன்னேனோ அவன் கையிலேயே தலையைக் கொடுத்துவிட்டு, அடுத்த சொட்டுக்காகக் காத்துக் கிடந்தேன். அவன் அதையும் அதே மாதிரி, அதே மெதுவாகப் போட்டான். கோபத்தில் ஒரு சொட்டுக் கூடுதலாக விழுந்திருந்தாலாவது எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கண்ணைத் திறந்தபோது அவன் சமையலறையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தான். நான் போய்ப் பின்னால் நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், வாயில் வந்தது, "ரயில்ல கூட்டமா?" என்பது. "இல்லப்பா," என்றான். கழுவிய டம்ளரையே மறுபடியும் கழுவினான். பிறகு, என்னைப் பார்க்காமல், அவன் வாழ்நாளில் என்னிடம் பேசிய மிக நீளமான பேச்சைப் பேசினான்.

"அம்மா போன அன்னிக்கு நான் பக்கத்துல வந்தேன்ப்பா. தங்கச்சி உங்க தோள்ல சாஞ்சிருந்தா. நான் இந்தப் பக்கம் வந்து உக்காரப் போனேன். நீங்க என்னப் பாத்து, 'பையன் வந்துட்டான், காகிதத்த எல்லாம் அவன்கிட்ட குடுங்க'ன்னீங்க. குடுத்தாங்க. வாங்கிட்டுப் போயிட்டேன். எல்லாம் முடிச்சுட்டு மருந்துக்கடை பின்னாடி இருக்கற சந்துல நின்னு அழுதேன். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவ்வளவுதான். கத்தவில்லை, குறை சொல்லவில்லை. ஞாயிறு வரைக்கும் இருந்து, வேளாவேளைக்கு மருந்து போட்டான். என் பல்செட்டைக்கூடக் கழற்றி வாங்கி, ஈறில் உரசிய இடத்தை ராவிக் கொடுத்தான். இத்தனை நாள் உரசியதை நான் யாரிடமும் சொல்லவில்லை, நான் மெல்லுவதைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டான். கிளம்பும்போது பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "அடுத்த கண்ணுக்குத் தங்கச்சி பாத்துக்குவாப்பா," என்றான். நீதான் வரவேண்டும் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். "ஜாக்கிரதையாப் போ," என்றேன். படிக்கட்டில் அவன் இறங்குகிற சத்தம் தேயும்வரை கதவைப் பிடித்துக்கொண்டே நின்றேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். எனக்குக் கண் சரியான பிறகும் அது வரவில்லை.

ஆகையால் அக்கா, நீ எனக்கு ஓர் உதவி செய்ய வேண்டும். நீ சொன்னால் அவன் கேட்பான். இடது கண்ணுக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். அப்பாவுக்கு நீ வந்தால்தான் நிம்மதி என்று அவனிடம் சொல். நான் சொன்னதாகச் சொல்லாதே. இல்லை, சொல். உனக்கு எப்படித் தோன்றுகிறதோ அப்படிச் செய். எனக்கு இனி அவன் வராமலே போய்விடுவானோ என்று பயமாக இருக்கிறது. ஊரெல்லாம் பொய்ப் படம் எடுத்துக் கொடுத்தவனுக்கு வீட்டில் உள்ளது தெரியவில்லை. உன் பேரனை நினைத்து மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்ளாதே. உண்மையான பாசம் பையன்களிடம்தான் இருக்கிறது. பெண்கள் வருவார்கள், போவார்கள், செய்வார்கள், அது எப்போதும் நடப்பது, அதில் சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே வைத்துக்கொண்டு தவிக்கிறவன் பையன்தான். இதை நான் இனிமேல் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லப் போகிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம். பேரன்கள் எல்லோரும் நோய் நொடியில்லாமல், நன்றாகச் சாப்பிட்டு, அப்பன் தோளில் தாராளமாகச் சாய்ந்து வளரட்டும். உன் முழங்கால் சீக்கிரம் மடங்கட்டும்.

என்றும் உன் சொல் மீறாத,
தம்பி

பின்குறிப்பு: உறைமேல் முகவரி எழுத இதை மகளிடம் கொடுத்தேன். என் கையெழுத்து தபால்காரருக்குப் புரியாது. அவள் முகவரி எழுதாமல் கடிதத்தைப் படித்தாள். நடுவில் சிரித்தாள், அதனால் நானும் தைரியமாக உட்கார்ந்திருந்தேன். கடைசிப் பக்கத்தில் சத்தமே இல்லை. பிறகு, எனக்குப் பழக்கமில்லாத ஒரு சின்னக் குரலில் பேசினாள்.

"அண்ணனப் பத்தி எழுதினது எல்லாம் சரிப்பா. அத்தையத் தூது விடாதீங்க, நீங்களே கூப்பிடுங்க. ஆனா ஒண்ணு கேக்கறேன். அம்மா போனதுலேருந்து வாரம் தவறாம இங்க வர்றேன். துணி, மாத்திரை, சமையல், ஆஸ்பத்திரி எல்லாம் பாக்கறேன். அன்னிக்கு மத்தியான மருந்துக்கு அண்ணனுக்குப் போன் பண்ணி வரவழைச்சதும் நான்தான். இவ்வளவு பெரிய லெட்டர்ல என்னப் பத்தி என்ன இருக்கு? காபி ஆறிப்போச்சு, அதானே? அவன் செஞ்சா பாசம், நான் செஞ்சா வழக்கமா?"

"அப்படியில்லம்மா," என்றேன்.

"அம்மா போன அன்னிக்கு நான் உங்க தோள்ல சாஞ்சிருந்தேன்னு அண்ணன் நெனச்சுட்டான். நீங்களும் அப்படியே எழுதிட்டீங்க. நான் சாயலப்பா. உங்க உடம்பு ஆடிக்கிட்டே இருந்துச்சு. பெஞ்சிலேருந்து விழுந்துடப் போறீங்கன்னு ரெண்டு கையாலயும் இறுக்கிப் புடிச்சிட்டிருந்தேன். அண்ணனுக்காவது ஒரு சந்து கெடச்சுது. எனக்கு இன்னும் அழ நேரம் கெடைக்கல."

சொல்லிவிட்டு என்னைப் படுக்க வைத்து மருந்து போட்டாள். இன்றைக்கு உத்தரவு எதுவும் இல்லை. கண்ணைத் திறந்தபோது முகவரி எழுதிய உறை மேசைமேல் இருந்தது, அவள் இல்லை.

அக்கா, இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாம் என்று மேசை டிராயரைத் தேடினேன். தாள் தீர்ந்துவிட்டது. அவள்தான் வாங்கி வர வேண்டும்.