தார்பாய்க்குள் ஆளுநர்

ஆளுநரின் மூக்கு எந்த நொடியில் போனது என்று மேற்பார்வையாளருக்குத் தெரியாது. தண்ணீர் பீய்ச்சும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, ஏணியிலிருந்து இறங்கி, நாலடி பின்னால் போய் நின்று, தன் வேலையைத் தானே மெச்சிக்கொள்ளலாம் என்று அண்ணாந்து பார்த்தார். கண் இருந்தது. மீசை இருந்தது. நடுவில் இருக்க வேண்டியது இல்லை.

பீடத்தைச் சுற்றித் தேடினார். புல்லுக்குள் கைவிட்டுத் துழாவினார். தண்ணீர் சலசலவென்று ஓடி, பக்கத்துச் சாக்கடைக்குள் விழுந்துகொண்டிருந்தது. அதோடு போயிருக்க வேண்டும்.

நகரப் பூங்காக்கள், நீரூற்றுகள், சிலைகள் எல்லாம் அவர் பொறுப்பு. போன மாதம்தான் நீரூற்றுச் சிங்கத்தின் வாலை உடைத்த பம்ப் ஆபரேட்டரை நகராட்சி ஆணையர் அம்மா வேலையை விட்டே தூக்கியிருந்தார். வாலுக்கே அந்தக் கதி. மேற்பார்வையாளர் குடும்பத்தோடு இருப்பதோ துறை கொடுத்த வீடு. வேலை போனால் வீடும் போகும். மனைவி வெயிலில் நின்று வளர்த்த ரோஜாச் செடிகளும் போகும்.

இத்தனைக்கும் அவருக்கு முன்னால் அந்த வேலையில் இருந்த பழைய மேற்பார்வையாளர், ஓய்வுபெற்ற அன்று சாவிக்கொத்தைக் கையில் கொடுத்து ஒரே ஒரு புத்திமதிதான் சொன்னார். "தம்பி, அந்த ஆளுநர் சிலைய மட்டும் தண்ணி ஊத்திக் கழுவாத. துணியால தட்டினாப் போதும்." சோம்பேறித்தனத்துக்கு இப்படி ஒரு சட்டமா என்று இவர் மனதுக்குள் சிரித்துக்கொண்டார். இந்த மாதம் ஆணையர் அந்தப் பக்கம் வரப்போகிறார் என்றதும், புது இயந்திரத்தோடு கிளம்பிவிட்டார்.

இப்போது யோசிக்க நேரமில்லை. கிடங்கிலிருந்து நீலத் தார்பாய் ஒன்றைக் கொண்டுவந்து ஆளுநரைத் தலையோடு காலாக மூடிக் கயிறு போட்டுக் கட்டினார். விசாரித்தால் பராமரிப்பு என்று சொல்லிக்கொள்ளலாம்.

விசாரித்தது பேராசிரியர். ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர். ஆளுநர் நினைவுக் கழகத்தின் தலைவர், செயலாளர், பெரும்பாலும் உறுப்பினரும் அவரே. மறுநாள் காலை நடையில் தார்பாயைக் கண்டவர் நேராகப் பூங்கா அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

"எதுக்குய்யா அவரை மூடி வெச்சிருக்கீங்க?"

"பராமரிப்பு சார்."

"என்ன பராமரிப்பு? கல்லுக்கு என்ன காய்ச்சலா?"

மேற்பார்வையாளர் திருதிருவென்று விழித்தார். "மேலிடத்து உத்தரவு சார்."

சொல்லியிருக்கக் கூடாது. பேராசிரியரின் முகம் சிவந்தது. "புரிஞ்சுபோச்சு. அவரை எடுக்கப்போறாங்க. நீங்க சொல்ல வேண்டாம், உங்க முகமே சொல்லுது."

அடுத்த நாள் செய்தித்தாளில் பேராசிரியரின் கட்டுரை வந்தது. இந்த நகரத்துக்குத் தண்ணீர் தந்த அணையைக் கட்டியவருக்கா இந்த அவமானம் என்று ஆரம்பித்து, "வளைந்து கொடுக்கத் தெரியாத அந்த மூக்கைப் பார்த்தாலே அவருடைய உறுதி விளங்கும்" என்று முடித்திருந்தார். பக்கத்தில் பெரிதாகப் படம். படத்தில் மூக்கு ஜம்மென்று இருந்தது.

கட்டுரையைப் படித்துவிட்டு வக்கீலம்மா வந்தார். அணைக்கரை மக்கள் சங்கத்தின் தலைவி. அதே ஆளுநர் அணைக்காக ஏழு ஊர்க்காரர்களைச் சாட்டையால் அடித்து விரட்டினார், கூலியில்லாமல் வேலை வாங்கினார் என்று பல வருஷமாக மனு போட்டு வருபவர். மேற்பார்வையாளரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"சிலைய எடுக்கணும்னு நாங்க எத்தனை வருஷமா கேக்கறோம். ஒரு பதில் கிடையாது. நீங்க ஒருத்தர் சத்தமில்லாம ஆரம்பிச்சுட்டீங்க."

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லம்மா."

"தன்னடக்கம் வேண்டாம் சார். பேப்பர்ல அந்த மூஞ்சியப் பாருங்க, திமிர் மூக்குலயே உக்காந்திருக்கு."

ஊரே மூக்கைப் பற்றியே பேசுகிறதே என்று மேற்பார்வையாளருக்கு அழுகை வந்தது.

சாயங்காலத்துக்குள் தார்பாயின் ஒரு பக்கம் எடுக்காதே கூட்டம், மறுபக்கம் எடு கூட்டம். நடுவில் போலீஸ்காரர் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். ஆணையர் அம்மா கூப்பிட்டனுப்பினார்.

"சிலைய மூடச் சொன்னது யாரு?"

ஜன்னல் வழியே கோஷம் கேட்டது. மேற்பார்வையாளர் அதைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு தரப்புக்கும் தகராறு வரும் போலத் தெரிஞ்சுது மேடம். கல்லு கில்லு விழுந்து சிலைக்குச் சேதம் வந்துடக் கூடாதேன்னு நான்தான் முன்கூட்டியே மூடினேன்."

மூடியதால்தான் தகராறு என்பது ஆணையருக்குத் தெரியாது. "நம்ம ஆபீஸ்ல முன்யோசனை உள்ள ஆள் ஒருத்தராவது இருக்காரே. சிலைய என்ன பண்றதுன்னு முடிவெடுக்க ஒரு குழு போடறேன். நீங்கதான் அதுக்குச் செயலாளர்."

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அவள் பல் ஆஸ்பத்திரியில் பல்செட் செய்பவள். எதற்கும் பதறாதவள்.

"இப்ப என்ன பண்ணப்போறீங்க?"

"சிலைய எடுத்துட்டா நல்லது. நேரா கிடங்குக்குள்ள போயிடும். மூக்க யார் தேடப்போறா? அந்த ஆளு பண்ணின அக்கிரமத்துக்கு எடுத்துத்தான் ஆகணும்."

"உங்களுக்கு எப்பலேர்ந்து வரலாறு மேல இவ்வளவு அக்கறை?"

"முந்தாநாள்லேர்ந்து."

குழுவில் அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் வக்கீலம்மா பக்கமே பேசினார். பேராசிரியர் அவரை நம்பிக்கைத் துரோகி போலப் பார்த்தார். எடுத்துவிடலாம் என்று முடிவாகப்போகும் நேரத்தில், வக்கீலம்மாவே எழுந்தார்.

"கிடங்குல போட்டா என்ன ஆகும்? பண்ணினது எல்லாத்தையும் ஊரு மறந்துடும். எனக்கு அது வேண்டாம். அந்த உயரத்துலேர்ந்து ஆளைத் தரையில இறக்குங்க. ஜனங்க கண்ணுக்கு நேரா நிக்கட்டும். பக்கத்துல பலகை வெச்சு, அணை கட்டினதையும் எழுதுங்க, யாரை அடிச்சுக் கட்டினார்ங்கிறதையும் எழுதுங்க."

பேராசிரியர் வெகுநேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "நடந்ததை எழுதறதுக்கு நான் எப்படி ஆட்சேபம் சொல்ல முடியும்? நான் வரலாறு சொல்லிக்கொடுத்தவன்."

எல்லாரும் கைதட்டினார்கள். மேற்பார்வையாளர் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை. பீடத்தின் மேலே இருந்தாலாவது அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும். இனிமேல் ஊரே ஆளுநரோடு மூக்கும் மூக்குமாக நின்று பார்க்கப்போகிறது. ஞாயிற்றுக்கிழமை திறப்பு. அன்றைக்கு வேலை போய்விடும் என்று மேற்பார்வையாளர் நினைத்துக்கொண்டார்.

"அழாதீங்க," என்றாள் மனைவி. "நான் மூக்கு செஞ்சு தரேன்."

செய்தித்தாள் படத்தைப் பார்த்து முதல் மூக்கைச் செய்தாள். அச்சாக வந்தது. ஆனால் கையிருப்பில் இருந்த பல்செட் பொருளில் செய்ததால் ஈறு நிறத்தில் பளபளத்தது.

"ஆளுநருக்கு ஜலதோஷம் பிடிச்ச மாதிரி இருக்கே," என்றார் மேற்பார்வையாளர்.

அடுத்ததைக் கல்தூளும் சிமெண்டும் குழைத்துச் செய்தாள். நிறம் சரி, பக்கவாட்டில் தட்டையாக இருந்தது. படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"முன்னாடியிருந்து எடுத்த படத்துல மூக்கு எவ்வளவு நீட்டிக்கிட்டு இருக்குன்னு எப்படித் தெரியும்? ஆனா இந்த மூக்க எங்கயோ பாத்திருக்கேங்க."

"சிலையிலதான் பாத்திருப்ப."

"சிலைய யாருங்க பாத்தா?"

நியாயமான கேள்வி. நகரத்தில் இத்தனை காலம் அந்தச் சிலையை நின்று பார்த்தவர்கள் புறாக்கள் மட்டும்தான்.

"சரி, மேசை மேல படுங்க," என்றாள் அவள்.

"எதுக்கு?"

"உங்க மூக்குல அச்சு எடுக்கப்போறேன். அதை வெச்சுக்கிட்டு மேல கொஞ்சம் ஏத்திக்கலாம். வாயால மூச்சு விடுங்க."

சாப்பாட்டு மேசையில், துடைத்து வைத்த தட்டுகளுக்குப் பக்கத்தில், மேற்பார்வையாளர் மல்லாந்து படுத்தார். பல் அச்செடுக்கும் களி சில்லென்று முகத்தில் இறங்கியது. வேலை போகாமலிருக்க மனிதர்கள் என்னென்னவோ செய்கிறார்கள். தன் மூக்கைக் கடன் கொடுத்தவன் நான் ஒருவனாகத்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டார்.

சனிக்கிழமை பட்டப்பகலில் பசையும் மூக்குமாகத் தார்பாய்க்குள் நுழைந்தார். செயலாளர் என்பதால் போலீஸ்காரர் சல்யூட் அடித்து வழிவிட்டார். ஆளுநரைத் தார்பாயோடே தரையில் இறக்கியாகிவிட்டது. இவர் உயரம்தான். உள்ளே நீல வெளிச்சத்தில் இருவரும் முகத்துக்கு முகம் நின்றார்கள். பசை இறுகும்வரை கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருக்கச் சொல்லியிருந்தாள் மனைவி.

அழுத்திக்கொண்டிருக்கும்போது வெளியே குரல்கள் கேட்டன. பேராசிரியரும் வக்கீலம்மாவும் பலகை வைக்கும் இடம் பார்க்க வந்திருந்தார்கள்.

"அவர் இல்லேன்னா இந்த ஊர்ல தண்ணி இல்ல. நீங்களும் நானும் குடிக்கறது அவர் கட்டின அணைத் தண்ணி," என்றார் பேராசிரியர்.

"அவர் கட்டலை சார். எங்க தாத்தாவோட அப்பா கட்டினார். கல்லு சுமந்து சுமந்தே செத்தார். அவர் எப்படி இருப்பார்னு எங்க வீட்ல யாருக்கும் தெரியாது. ஒரு படம் கிடையாது. இவர் மட்டும் மூக்கும் முழியுமா நிக்கறார்."

பேராசிரியர் மெதுவாகக் கேட்டார். "அவர் பேர் தெரியுமாம்மா?"

"தெரியும்."

"பலகையில முதல்ல அதைப் போடலாம். மத்தவங்க பேரெல்லாம் தேடிப் பிடிக்க நானும் கூட வரேன்."

இத்தனை நாளாக மூக்கைத் தவிர வேறெதையும் நினைக்கவில்லையே என்று மேற்பார்வையாளருக்கு வெட்கமாக இருந்தது. அந்த நல்ல உணர்ச்சி முழுசாக வருவதற்குள் கல்தூள் நாசியில் ஏறி, தார்பாயே குலுங்கும்படி ஒரு தும்மல் வந்தது.

வெளியே நாற்காலி ஒன்று சாய்ந்து விழும் சத்தம் கேட்டது.

"சார், சிலை தும்முச்சு," என்றது போலீஸ்காரர் குரல்.

"நான்தான், நான்தான். சுத்தம் பண்றேன்," என்று உள்ளிருந்தே கத்தினார் மேற்பார்வையாளர். அந்தக் களேபரத்திலும் கட்டைவிரலை எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நல்ல கூட்டம். ஆணையர் அம்மா கயிற்றை இழுக்க, தார்பாய் சரிந்து விழுந்தது. மேற்பார்வையாளர் கைக்குட்டையால் தன் மூக்கை மூடிக்கொண்டார். பக்கத்தில் மனைவி ஒன்றுமறியாதவள் போல வானத்தைப் பார்த்தாள்.

பேராசிரியர் ஆளுநருக்கு எதிரே போய் நின்று உற்றுப் பார்த்தார். கண் கலங்கியது. "அதே மூக்கு. வளைஞ்சே கொடுக்காத மூக்கு."

வக்கீலம்மாவும் போய்ப் பார்த்தார். பல்லைக் கடித்தார். "அதே திமிர். ஒரு இம்மி குறையல."

ஆணையர் மேற்பார்வையாளர் பக்கம் திரும்பினார். "என்ன, உடம்பு சரியில்லையா?"

"ஜலதோஷம் மேடம். வெறும் ஜலதோஷம்."

"உடம்பைப் பாத்துக்கோங்க. உங்கள மாதிரி ஆளுங்க இந்த ஆபீசுக்கு வேணும்."

வீடு பிழைத்தது. ரோஜாக்களும் பிழைத்தன. மேற்பார்வையாளர் வெகு நாளைக்குப் பிறகு நெஞ்சு நிறைய மூச்சு விட்டார். கூட்டம் பலகையில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துவிட்டுக் கலைய ஆரம்பித்தது.

கடைசியாக, கூட்டத்தின் பின்னாலிருந்து பழைய மேற்பார்வையாளர் வந்தார். ஆளுநரின் முகத்தருகே குனிந்து பார்த்தார். அப்புறம் இவருடைய கைக்குட்டையை மெல்ல விலக்கி இவர் முகத்தைப் பார்த்தார். மனைவி மட்டும் அந்தப் பெரியவரின் முகத்தைப் பக்கவாட்டிலிருந்து பார்த்துவிட்டு, ஆ என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

பெரியவர் இவர் தோளில் தட்டிக்கொடுத்தார்.

"கழுவாதன்னு அப்பவே சொன்னேனே தம்பி. உன் மூக்கும் பரவாயில்ல, எடுப்பாத்தான் இருக்கு. ஆனா நான் ஒட்டி வெச்ச என் மூக்கு நாலு ஆணையரைப் பாத்துச்சு."