மணிக்கொரு டம்ளர்

தொழிலாளர்களின் சிறுநீரக நலனை முன்னிட்டு, வல்லம் வடகாலில் ஒரு தொழிற்சாலையில் மணிக்கொரு டம்ளர் தண்ணீர்த் திட்டம் அமலுக்கு வந்தது. மணி அடித்ததும் உற்பத்தி லைனில் நிற்கும் நாற்பது பெண்களும் ஒரு டம்ளர் குடிக்க வேண்டும். கழிப்பறைக்குப் போக லைனுக்கு ஒரே டோக்கன், ஒரு நேரத்தில் ஒருத்திதான் என்ற பழைய விதி அப்படியே இருந்தது. அது வேறு துறை.

ஆகவே பெண்கள் தண்ணீரை ஜன்னலோரச் செடித்தொட்டியில் ஊற்றினார்கள். செடி செழித்தது. அவர்களில் முத்துச்செல்விக்கு மூன்றாவது தடவையாக நீர்க்கடுப்பு வந்தது.

ஆறு மாதத்தில் மதிப்பீட்டுக் குழு வந்தது. சிக்கலான திட்டத்தை ஒரே முறையால் அளக்கலாகாது என்பது தலைவர் ஜனார்தனின் உறுதியான கருத்து. ஒரு பிரிவு எண்ணும், ஒரு பிரிவு பேட்டி எடுக்கும், அவர் இரண்டையும் ஒருங்கிணைப்பார்.

பேட்டி அறை கழிப்பறைக்கு அடுத்து இருந்தது. ஆளுக்குப் பத்து நிமிஷம். முப்பத்தொன்பது பேர் “ரொம்பத் திருப்தி” என்று ஒரு நிமிஷத்தில் முடித்துவிட்டு, மிச்ச நேரத்துக்குப் பக்கத்துக் கதவைத் திறந்தார்கள். முத்துச்செல்வி மட்டும் உட்கார்ந்து பேசினாள்.

“தண்ணி குடிச்சா பொறவு எங்க மேடம் போறது? இன்னொரு டோக்கன் குடுக்கச் சொல்லுங்க. எனக்கு வலி தாங்கல.”

பேட்டி எடுத்த சசிரேகா எல்லாவற்றையும் எழுதி முடித்தபோது பத்து நிமிஷமும் தீர்ந்திருந்தது.

ஜனார்தன் ஒருங்கிணைத்தார். காலி கேன் கணக்குப்படி ஷிஃப்டுக்குத் தலைக்கு எட்டு டம்ளர். டோக்கன் நோட்டுப்படி தலைக்கு ஒரு தடவை.

“எட்டு உள்ளே போகுது, ஒண்ணுதான் வெளியே வருது. உடம்பு மிச்சத்தை உபயோகிச்சுக்குது. திட்டம் அமோக வெற்றி.”

“அந்தப் பொண்ணு வலிக்குதுன்னு சொன்னாளே, சார்?” என்றாள் சசிரேகா.

“நாற்பதில் ஒண்ணு. அடிக்குறிப்பில் போடும்மா.”

திங்கள் முதல் இரண்டு லைனுக்கு ஒரு டோக்கன் போதும் என்று பரிந்துரை எழுதிக் கையெழுத்திட்டு, லைனில் அறிவிக்கச் சொன்னார். முன்மாதிரியாகக் காலையிலிருந்து ஒவ்வொரு மணிக்கும் குடித்திருந்தவர், எழுந்து அவசரமாக வெளியே போனார்.

“கெஸ்ட் பாத்ரூம் சாவி மேனேஜர் கைல கீது சார். அவரு ஸ்ரீபெரும்புதூர் போய்க்கிறாரு,” என்றார் சூப்பர்வைசர் கோபு. “டோக்கன் வேணும்னா, உங்களுக்கு முன்னாடி பதினோரு பேரு.”

மணி அடித்தது. கோபு பணிவோடு டம்ளரை நீட்டினார். ஜனார்தன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு ஜன்னலோரம் போய்த் தொட்டியின் மேல் டம்ளரைச் சாய்த்தார்.

முத்துச்செல்வி தொட்டியைக் குறுக்கே கை வைத்து மறைத்தாள்.

“இதுல எடமில்ல சார். திங்கக்கெழமலேர்ந்து ரெண்டு லைனுக்கு ஒரே டோக்கனாம், ரெண்டு லைன் தண்ணியும் இதுலதான் ஊத்தணும். ஆபீஸ்காரங்க தொட்டி அந்தா இருக்கு.”

அவள் காட்டிய செடிதான் அந்த வளாகத்திலேயே மிகப் பச்சையானது.